மெய்க்கண்ணீருக்கு அஞ்சிய கேமரா: கீஸ்லோவ்ஸ்கி குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

வார்சா மத்திய ரயில் நிலையத்தில் பயணிகள் தங்கள் பெட்டிகளை வைத்துப் பூட்டிச் செல்லும் தானியங்கிப் பெட்டகங்கள் இருந்தன. அவற்றைத் திறக்கவும் மூடவும் தெரியாமல் திணறுகிற மனிதர்களை, ஓர் இரவு, போலந்து இயக்குநர் கிறிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கியின் படக்குழு பாதி மறைந்து நின்று படம்பிடித்தது. 1980இல் முடிந்த 'ரயில் நிலையம்' என்ற ஆவணப்படத்துக்கான வேலை அது. படச்சுருளோடு அலுவலகம் திரும்பியபோது போலீஸ் வந்து நின்றது. எடுத்த நெகட்டிவ் முழுவதையும் வாங்கிக்கொண்டு போனார்கள். காரணம் சொல்லவில்லை. சில நாட்களில் அத்தனையையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். விஷயம் பிறகுதான் தெரிந்தது: அன்றிரவு ஓர் இளம்பெண் தன் தாயைக் கொன்று, உடலைப் பெட்டிகளில் அடைத்து, அந்த நிலையத்தின் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் முகம் படச்சுருளில் எங்காவது விழுந்திருக்கிறதா என்று போலீஸ் தேடியிருக்கிறது. விழவில்லை.

விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி கீஸ்லோவ்ஸ்கியை விடவில்லை. கேமராவை வலப்பக்கம் திருப்பிய அந்த நொடியில் இடப்பக்கம் திருப்பியிருந்தால் அவள் அதில் பதிந்திருப்பாள். கேட்காமலேயே, தெரியாமலேயே அவர் போலீஸின் கையாளாகியிருப்பார். கொலையாளி பிடிபட்டால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். அவர் அந்தப் பெண்ணுக்குப் பரிந்துகொண்டு பேசவில்லை. தான் எடுத்த காட்சி தன் கையை விட்டுப் போய், தான் நினைத்தும் பார்க்காத ஒரு காரியத்தைச் செய்துவிட முடியும் என்பதுதான் அவரை உலுக்கியது. இன்றைக்குக் கொலையாளி; நாளைக்கு வேலைநிறுத்தம் செய்தவன். கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலப் போலந்தில் இது வெறும் கற்பனை அச்சமாக இருக்கவில்லை.

ஆவணப்படத்தில் தொடங்கி, தொலைக்காட்சிக்குப் போய், அங்கிருந்து உலக சினிமாவுக்கு உயர்ந்தவர் என்றுதான் அவரைப் பற்றி வழக்கமாக எழுதுகிறார்கள். படிக்கட்டில் ஏறுவதைப் போன்ற அந்த வரலாற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவருடைய ஒவ்வொரு மாற்றத்தையும் பக்கத்தில் போய்ப் பார்த்தால், அவர் எதை நோக்கி நடந்தார் என்பதைவிட எதிலிருந்து பின்வாங்கினார் என்பதுதான் துலக்கமாகத் தெரிகிறது. அந்தப் பின்வாங்கல் எப்படி நிகழ்ந்தது, அது ஏன் 'டெகலாக்' என்ற பெயரில் தொலைக்காட்சிக்கென எடுத்த பத்துக் கதைகளில் போய் முடிந்தது என்பதே இந்த ஆய்வு.

தொடக்கம்

1941 ஜூன் 27 அன்று வார்சாவில் பிறந்தார். தந்தைக்குக் காசநோய். ஒரு சானடோரியத்திலிருந்து இன்னொன்றுக்கு என்று குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. தீயணைப்புப் பயிற்சிப் பள்ளியில் மூன்று மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு நாடகத் தொழில்நுட்பக் கல்லூரி. நாடக இயக்குநராக ஒரு பட்டம் தேவைப்பட்டதால்தான் லோட்ஸ் நகரின் திரைப்படப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை இடம் கிடைத்தபோது நாடக ஆசை போய்விட்டிருந்தது.

அங்கே காஸிமியெஷ் கராபாஷ் போன்ற ஆவணப்பட ஆசிரியர்களிடம் கற்றார். அந்தக் காலத்தில் போலந்தில் ஆவணப்படத்துக்கு இருந்த மரியாதை இன்றைக்கு நமக்கு எளிதில் பிடிபடாது. செய்தித்தாளில் வந்த நாடு ஒன்று. ஜனங்கள் வாழ்ந்த நாடு வேறு. அந்த இரண்டாவது நாட்டை எவரும் எழுதிவைக்கவில்லை, படமாக்கவில்லை. விவரிக்கப்படாத ஓர் உலகத்தில் வாழ்வது கடினம் என்று கீஸ்லோவ்ஸ்கியின் தலைமுறை கருதியது. ஆலை, மருத்துவமனை, அலுவலகம், ரயில் நிலையம் என்று கிடைத்த இடத்தையெல்லாம் பதிவு செய்தார்கள்.

படம் எடுத்ததன் விலை

1971இன் 'தொழிலாளர்கள்' படத்தில் ஆலைத் தொழிலாளர்கள் கேமராவை நம்பி மனம் திறந்து பேசினார்கள். அந்தப் படத்தின் ஒலிநாடாக்கள் ஒரு கட்டத்தில் காணாமல் போயின. கீஸ்லோவ்ஸ்கி விசாரணைக்கு அழைக்கப்பட்டார். நம்பிப் பேசியவர்களின் குரல் யார் கையில் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாத நிலை.

1974இன் 'முதல் காதல்' தொலைக்காட்சிக்காக எடுத்தது. பதினேழு வயதுப் பெண் கருவுற்றிருக்கிறாள். அவளும் காதலனும் திருமணம் செய்து, வீடு தேடி, குழந்தை பெறும் வரை கேமரா கூடவே போகிறது. அதில் ஒரு போலீஸ்காரர் வந்து, இந்த வீட்டில் தங்க உங்களுக்குப் பதிவு இருக்கிறதா என்று விசாரிக்கும் காட்சி உண்டு. அந்தப் போலீஸ்காரரை அனுப்பி வைத்தவர் இயக்குநரேதான். எட்டு மாதக் கர்ப்பிணி. பயத்தில் வலி கண்டிருந்தால்? தான் ஆள் அனுப்பியதை அவர் பின்னாளில் மறைக்கவில்லை. மெய்யான வாழ்க்கையைப் பதிவு செய்ய வந்தவர், அந்த வாழ்க்கை போதிய வேகத்தில் நகரவில்லை என்று கதவைத் தட்ட ஆள் அனுப்பியிருக்கிறார். அந்தப் படத்தில் குழந்தை பிறந்த செய்தியை இளம் தந்தை தொலைபேசியில் சொல்லி அழுகிறான். அந்த அழுகையைப் பார்க்கிறபோது எனக்கும் கண் கலங்குகிறது. கலங்கியவுடனே, இதைப் பார்க்க நமக்கு யார் உரிமை தந்தார்கள் என்றும் தோன்றிவிடுகிறது.

கீஸ்லோவ்ஸ்கிக்கும் அதே கேள்வி இருந்தது. மெய்யான கண்ணீரைச் சில முறை படம்பிடித்துவிட்டதாகவும், இப்போது தன்னிடம் கிளிசரின் இருப்பதாகவும், மெய்க்கண்ணீரைக் கண்டால் தனக்கு அச்சம் என்றும் பிற்காலத்தில் சொன்னார். நம் ஊர்ப் படப்பிடிப்புகளில் கிளிசரின் என்றால் பொய்யழுகைக்கு மறுபெயர். அவருக்கோ அது ஒரு விடுதலை. நடிகை அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் வாழ்க்கையில் எதுவும் உடைந்திருக்காது.

1977இல் எடுத்த 'இரவுக் காவலாளியின் பார்வையில்' இன்னும் சிக்கலானது. ஓர் ஆலையின் காவலாளி ஒழுங்கு, தண்டனை, கட்டுப்பாடு பற்றித் தன் கொள்கைகளை விரிவாகச் சொல்கிறார். ஓய்வு நாட்களிலும் போய், மீன் பிடிப்பவர்களிடம் அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று சோதிக்கிறார். மரண தண்டனையை ஊரறிய நிறைவேற்ற வேண்டும் என்பது அவர் வாதம். படம் அபாரமானது, விருதுகளும் கிடைத்தன. காவலாளிக்கும் படம் பிடித்திருந்தது. ஆனால் தொலைக்காட்சி அதை ஒளிபரப்ப விரும்பியபோது இயக்குநர் ஒப்பவில்லை. திரைப்பட விழாவில் பார்ப்பவர்களுக்கு அந்த மனிதர் யாரோ. தொலைக்காட்சியில் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார், பிள்ளையின் பள்ளிக்கூடம் பார்க்கும். கீஸ்லோவ்ஸ்கி கண்டித்தது ஒரு மனப்பான்மையை. அதற்கு ஒரு குடும்பத்தைப் பலி கொடுக்க மனம் வரவில்லை. தொலைக்காட்சியின் வீச்சு எப்படிப்பட்டது என்பதை அவர் உணர்ந்த விதம் இது. அந்த வீச்சை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

இதே பத்தாண்டில் கதைப் படங்களுக்கும் வந்துவிட்டார். அதற்கும் தொலைக்காட்சிதான் வாசல். 1975இன் 'பணியாளர்கள்' ஒரு தொலைக்காட்சிப் படம். இசைநாடக அரங்கின் தையல் கூடத்தில் சேரும் இளைஞனிடம், தன் நண்பனுக்கு எதிராக எழுதித் தரச் சொல்கிறார்கள். கையில் பேனா, முன்னால் வெற்றுத்தாள்; எழுதினானா என்று காட்டாமலே படம் முடிகிறது. 1979இன் 'அமெச்சூர்' இந்தக் கவலையின் நேரடி வாக்குமூலம். பிறந்த குழந்தையைப் படமெடுக்க எட்டு மில்லிமீட்டர் கேமரா வாங்கும் தொழிலாளி, மெல்ல ஊரையே படமெடுக்கத் தொடங்குகிறான். அதனால் அவனுக்கு நல்லது செய்த ஒருவருக்கே வேலை போகிறது. மனைவி பிரிகிறாள். கடைசிக் காட்சியில் கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்து, தன் கதையைத் தானே சொல்லத் தொடங்குகிறான். மாஸ்கோ திரைப்பட விழாவில் அதற்கு முதன்மை விருது. ரயில் நிலையச் சம்பவம் நேர்ந்தபோது அவர் எச்சரிக்கப்படாதவர் அல்லர். தானே எழுதிய எச்சரிக்கை தன்மீதே வந்து விழுந்ததைப் போல இருந்திருக்கும்.

நீதிமன்றத்தில் காலிக் கேமரா

1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் இராணுவச் சட்டம் வந்தது. அரசுக்கு எதிராகச் சுவரில் எழுதியவர்கள், துண்டறிக்கை வைத்திருந்தவர்கள் மீதெல்லாம் வழக்குகள். தண்டிப்பவர் முகத்தையும் தண்டிக்கப்படுபவர் முகத்தையும் ஒருசேரப் பதிவு செய்ய நினைத்து, 1982இல் பெரும்பாடுபட்டு அனுமதி வாங்கினார். அந்த வேளையில்தான் வழக்கறிஞர் கிறிஸ்டோஃப் பியெசியெவிச் அறிமுகமானார்.

பிறகு நடந்தது விசித்திரமானது. கேமரா உள்ளே வந்தாலே நீதிபதிகள் சிறைத்தண்டனை விதிக்கத் தயங்கினார்கள். அநியாயத் தீர்ப்பு சொல்லும் தங்கள் முகம் எங்காவது பதிவாகி, நாளை வேறொரு காலத்தில் சாட்சியாக வந்து நிற்கும் என்ற பயம். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, லேசாகியது. வழக்கறிஞர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். என் வழக்குக்கு வாருங்கள், என் வழக்குக்கு வாருங்கள் என்று அழைப்பு. ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி முடியாமல் இரண்டாவது கேமராவை வாடகைக்கு எடுத்தார். அதில் படச்சுருள்கூட இல்லை. வெறும் கேமரா நின்றாலே போதுமாக இருந்தது.

ஆவணப்படம் உருவாகவில்லை. தண்டனையே விழாத நீதிமன்றத்தில் தண்டனையை எப்படிப் படமெடுப்பது? ஆனால் எத்தனையோ பேர் வீட்டுக்குப் போனார்கள். அவருடைய வேலைகளிலேயே எதை முதலில் சொல்வாய் என்று என்னைக் கேட்டால், விருது வாங்கிய எதையும் சொல்லமாட்டேன். படச்சுருள் இல்லாமல் நின்ற அந்தக் கேமராவைத்தான் சொல்வேன். இரண்டே ஆண்டு முன்பு ரயில் நிலையத்தில் அவரை நடுங்கவைத்த அதே ஆற்றல், இங்கே மனிதரைக் காப்பாற்றுவதையும் அவர் கண்ணால் கண்டார். கேமரா கெட்டது என்று எளிதாக முடிவு கட்ட அவருக்கு இனி வழியில்லை.

பத்து வீடுகள்

நீதிமன்ற அனுபவம் பியெசியெவிச்சோடு சேர்ந்து எழுதிய 'முடிவில்லை' என்ற படமாயிற்று. அரசு, எதிர்ப்பாளர்கள், திருச்சபை மூன்று தரப்பும் அதைச் சாடின. சோர்ந்திருந்த காலத்தில் ஒருநாள் தெருவில் பியெசியெவிச்சைச் சந்திக்கிறார். குளிர், மழை, கையுறை ஒன்று தொலைந்திருக்கிறது. பத்துக் கட்டளைகளைப் பற்றி யாராவது படமெடுக்க வேண்டும், நீதான் எடுக்க வேண்டும் என்கிறார் வழக்கறிஞர். மிக மோசமான யோசனை என்றுதான் கீஸ்லோவ்ஸ்கிக்கு அப்போது பட்டதாம்.

டோர் என்ற படத் தயாரிப்புப் பிரிவின் இளம் இயக்குநர்களுக்குப் பத்துக் கதைகளையும் பகிர்ந்து கொடுப்பதே முதல் திட்டம். எழுத எழுதக் கதைகள் மீது பற்று வந்து தானே வைத்துக்கொண்டார். போலந்துத் தொலைக்காட்சி தந்த பணம் போதவில்லை. கலாச்சார அமைச்சகத்திடம் போய், உங்களுக்கு மலிவாக இரண்டு திரைப்படங்கள் தருகிறேன் என்று பேசி, ஐந்தையும் ஆறையும் திரையரங்குக்கான நீளத்திலும் எடுத்தார். பத்துக்கும் ஒன்பது ஒளிப்பதிவாளர்கள். பியோத்ர் சொபோசின்ஸ்கி மட்டும் இரண்டுக்கு. இசை ஸ்பிக்னியெவ் ப்ரைஸ்னர். பத்துக் கதையிலும் வரும் மனிதர்கள் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள். வார்சாவிலேயே அழகான குடியிருப்பு என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார்; அதன் சாம்பல் சுவர்களைப் பார்த்தால் மற்றவற்றின் நிலை புரியும்.

அரசியலை வேண்டுமென்றே விலக்கிவைத்தார். கடை வரிசை, இறைச்சிக் கூப்பன் எதுவும் கிடையாது. அன்றைய போலந்தில் பலருக்கு இது கோபமூட்டியது. ஆனால் அவர் கதவைத் திறந்து உள்ளே போக விரும்பினார். உள்ளே மனிதர்கள் தனியாக இருந்தார்கள். அந்தத் தனிமைக்குள் ஆவணப்படக் கேமராவைக் கொண்டுபோவது அத்துமீறல். நடிகர்களைக் கொண்டு அங்கே போகலாம்.

முதல் கதையின் தொடக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பெண் தெருவில் நிற்கிறாள். கடைக் கண்ணாடிக்குள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் ஓடிவருகிறார்கள். ஒரு சிறுவனின் முகத்தில் படம் உறைகிறது. அவள் அழுகிறாள். ஏன் என்று நமக்குத் தெரியாது. பிறகுதான் கதை பின்னோக்கிப் போகிறது: குளத்துப் பனிக்கட்டி எவ்வளவு எடை தாங்கும் என்று கணினியில் கணக்கிடும் தந்தை, பனிச்சறுக்கு ஆசையோடு பாவெல் என்ற மகன், மேசையில் தானாக உடைந்து பரவும் மை. கணக்கு தவறவில்லை, பனி உடைந்தது. தன் தொலைக்காட்சித் தொடரின் முதல் கதையையே, இறந்த குழந்தையைத் திரையில் உயிரோடு பார்க்கும் பெண்ணின் கண்ணீரில் தொடங்குகிறார்.

ஐந்தாவது கதையை நான் ஒரே மூச்சில் பார்த்து முடித்ததில்லை. யாட்செக் என்ற இளைஞன், கையில் சுற்றிய கயிற்றோடு, காரணம் இல்லாமல் ஒரு டாக்சி ஓட்டுநரைக் கொல்கிறான். ஏழு நிமிடம் போல நீள்கிறது. திரைப்படங்களில் மனிதர்கள் சட்டென்று சாவார்கள். இங்கே ஓட்டுநர் சாக மறுக்கிறார். ஷூ கழன்று விழுகிறது. தொலைவில் ஒருவர் சைக்கிளில் போகிறார். சற்று முன் தேநீர்க்கடைக் கண்ணாடியில் கோமாளித்தனம் செய்து இரண்டு சிறுமிகளைச் சிரிக்கவைத்தவன்தான் இவன். பிறகு அரசின் முறை. தூக்குமேடைப் பணியாளர் கயிற்றின் உயரத்தைச் சரிபார்க்கிறார், திரைச்சீலையை இழுத்துப் பார்க்கிறார், விழும் இடத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டை வைக்கிறார். அந்தத் தட்டு எதற்கு என்பது நமக்குப் பிறகு தெரியும். ஒளிப்பதிவாளர் ஸ்வாவோமிர் இட்ஸியாக் இதற்காகவே செய்துகொண்ட பச்சை வடிகட்டிகளால் நகரமே பாசி படிந்த தண்ணீருக்குள் கிடப்பதைப் போல இருக்கிறது. இரவுக் காவலாளி ஊரறியக் கேட்ட தண்டனை இதுதான். பத்தாண்டு கழித்து, அந்த மனிதரின் பெயரை இழுக்காமல், அவருக்குப் பதில் சொல்லிவிட்டார் என்றே நான் படிக்கிறேன்.

இதன் நீண்ட வடிவம் 1988இல் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. அதே ஆண்டு புதிதாகத் தொடங்கிய ஐரோப்பியத் திரைப்பட விருதுகளில் முதல் சிறந்த படமும் அதுவே. படம் போலந்தில் வெளியான அடுத்த மாதம், ஏப்ரலில், அந்நாட்டின் கடைசித் தூக்கு நிறைவேறியது. 1997இன் குற்றவியல் சட்டம் மரண தண்டனையை நீக்கியது. படத்தால்தான் நீக்கினார்கள் என்று சொல்வது மிகை. ஆனால் அந்த விவாதம் நடந்த வீடுகளுக்குள் இந்தக் கதை தொலைக்காட்சி வழியாகப் போயிருந்தது.

பத்தும் 1989 வெனிஸ் விழாவில் ஒன்றாகக் காட்டப்பட்டு, அந்த ஆண்டின் இறுதியில் போலந்துத் தொலைக்காட்சியில் வரத் தொடங்கின. தொலைக்காட்சி பார்ப்பவர் சினிமா பார்ப்பவரைவிட அறிவில் குறைந்தவர் என்ற எண்ணத்தை அவர் கடுமையாக மறுத்தார். அதே சமயம், வாராவாரம் அதே முகங்களைச் சந்திக்க விரும்பும் தொலைக்காட்சிப் பார்வையாளருக்குத் தனித்தனிக் கதைகளைக் கொடுத்தது தன் தவறு என்றும் ஒப்புக்கொண்டார். இதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் கதையின் பெண்ணை ஐந்தாம் கதையில் டாக்சிக்காகக் காத்து நிற்கும்போது ஒரு கணம் பார்க்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரை மாடிப்படியில் பார்ப்பதும் அப்படித்தானே? பேசாமல் வந்துபோகும் அந்த ஒற்றை மனிதரும் இருக்கிறார். ஆர்தர் பார்சிஷ் நடித்த அவர் எட்டுக் கதைகளில் வருகிறார், பார்க்கிறார், எதையும் தடுப்பதில்லை. விமர்சகர்கள் அவரைத் தேவதூதர் என்றெல்லாம் எழுதினார்கள். எனக்கு அவர் ஓர் ஆவணப்பட இயக்குநரைப் போலவே தெரிகிறார்.

எட்டிப் பார்த்தல்

ஆறாம் கதையில் அஞ்சலக ஊழியன் டோமெக், எதிர் மாடியில் வசிக்கும் மாக்தாவைத் தொலைநோக்கியில் பார்க்கிறான். ஒருநாள் அவள் மேசையில் பாலைக் கொட்டிவிட்டு, விரலால் அதில் கோடிழுத்தபடி அழுவதையும் பார்க்கிறான். காதலாகி, அவமானப்பட்டு, மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். தொலைக்காட்சி வடிவத்தில் பிழைத்து வந்து, இனி உங்களைப் பார்ப்பதில்லை என்று சொல்கிறான், அவ்வளவுதான். மாக்தாவாக நடித்த கிரஷினா ஷாபோவோவ்ஸ்கா, ஜனங்களுக்கு ஒரு கதையும் வேண்டாமா என்று கேட்டதால் திரையரங்கு வடிவத்தின் முடிவு மாறியது. அதில் மாக்தா அவன் அறைக்குப் போய்த் தொலைநோக்கியில் கண் வைக்கிறாள். தன் வீட்டில், கொட்டிய பாலின் முன் தானே அழுதுகொண்டிருப்பது தெரிகிறது. அவன் வந்து அவள் தோளைத் தொடுகிறான். நிஜத்தில் நடக்காத ஆறுதல் அது. பார்க்கப்பட்டவளிடமே தொலைநோக்கியைக் கொடுத்துவிடுவது என்ற தீர்வு, 'முதல் காதல்' எடுத்த காலத்தில் அவர் கையில் இருக்கவில்லை.

பிறகு பிரான்ஸ், பெரிய பணம், உலகப் புகழ். 1991இல் 'வெரோனிக்கின் இரட்டை வாழ்க்கை'. அடுத்து மூன்று நிறங்கள்: 'நீலம்' வெனிஸில் தங்கச் சிங்கம் பகிர்ந்துகொண்டது, 'வெள்ளை' பெர்லினில் சிறந்த இயக்குநர் விருது பெற்றது, 'சிவப்பு' மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள். ஒளியும் இசையும் பளபளக்கும் இந்தப் படங்களை நான் மதிக்கிறேன். டெகலாக்கின் சாம்பல் மாடிகளுக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன். 1994இல் இனிப் படமெடுப்பதில்லை என்று அறிவித்தார். 1996 மார்ச் 13 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பின், 54 வயதில் வார்சாவில் இறந்தார்.

கடைசிப் படமான 'சிவப்பு' ஓய்வுபெற்ற ஒரு நீதிபதியைப் பற்றியது. அக்கம்பக்கத்தார் தொலைபேசியில் பேசுவதைக் கருவி வைத்து ஒட்டுக்கேட்கிறார். ஓர் இளம்பெண் அதைக் கண்டு அருவருத்துப் போன பிறகு, அவர் உட்கார்ந்து அண்டை வீட்டார் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதி, போலீஸுக்கும் எழுதி, தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறார். ஊர்க்காரர்கள் அவர் வீட்டு ஜன்னலில் கல்லெறிகிறார்கள். உடைந்த கண்ணாடியை மாற்ற அவர் அவசரப்படவில்லை. உள்ளே வந்து விழுந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, பியானோவின் மேல் வரிசையாக வைத்திருக்கிறார்.